மழைநீர் வடிகாலில் சாக்கடை: ஆற்றங்கரையில் மடக்குவதா, வீட்டு வாசலில் நிறுத்துவதா?

சென்னையில் அக்னி நட்சத்திர வெயிலிலும் ஒரு மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது யாரோ திருட்டுத்தனமாக விட்ட கழிவுநீர்தான். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றில் வந்து விழும் வடிகால்களில் பல கோடையிலும் வற்றுவதில்லை. இதை நிறுத்தச் சொல்லப்படும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மட்டும் தெளிந்தால் போதும் என்றால் ஒரு வழி முந்துகிறது. தெருவும் சேர்ந்து சுத்தமாக வேண்டும் என்றால் வேறொரு வழிக்குத்தான் போக வேண்டும். நான் தெருவின் பக்கம் நிற்கிறேன்.

சென்னையில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் தனித்தனிப் பாதை, தனித்தனி நிர்வாகம். வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பாதாள சாக்கடையில் விட்டது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. வடிகாலில் விட்டது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்கோ கடலுக்கோ போகிறது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அப்போது பாதாள சாக்கடையே இல்லாத பல பகுதிகள் உள்ளே வந்தன. அங்கே பல தெருக்களில் வடிகால் முதலில் வந்துவிட்டது, சாக்கடைக் குழாய் பின்னால்தான் வருகிறது. செப்டிக் டேங்க் நிரம்பும்போது வாசலிலேயே ஒரு வடிகால் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வழி, ஆற்றில் விழும் இடத்தில் மடக்குவது. வடிகாலின் கடைசியில் ஒரு தடுப்பு கட்டி, கோடையில் வரும் கழிவுநீரைப் பக்கத்து உந்து நிலையத்துக்கு (பம்பிங் ஸ்டேஷன்) திருப்புகிறார்கள், அல்லது கரையிலேயே ஒரு சிறிய சுத்திகரிப்பு நிலையம் வைக்கிறார்கள். கூவம் சீரமைப்புத் திட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. இதன் பலம் வேகம். நூற்றுக்கணக்கான வீடுகளின் வாசலில் போய் வாதாட வேண்டாம். ஒரே இடத்தில் கட்டி முடித்தால் அந்த வடிகால் முழுவதும் கட்டுக்குள் வந்ததுபோல் தெரியும். ஆற்றின் நாற்றமும் சீக்கிரம் குறையும்.

ஆனால் மழைக்காலத்தில் இதன் பலவீனம் தெரிந்துவிடும். பம்பின் திறன் கோடைக்கால ஓட்டத்துக்கே கணக்கிடப்பட்டது. ஐப்பசி மழை கொட்டும்போது தடுப்பைத் தாண்டி எல்லாம் ஆற்றுக்குப் போயே ஆக வேண்டும். வடிகாலில் மாதக்கணக்கில் படிந்த கசடு முதல் பெருமழையிலேயே கிளம்பி ஆற்றில் இறங்கும். கடலுக்கு அருகே இன்னொரு சிக்கல். அலையேற்றத்தின்போது உப்புநீர் வடிகாலுக்குள் ஏறினால் பம்ப் அதையும் இழுத்து அனுப்பும், சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு உப்பு கூடினால் ஆகாது. பம்ப் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும், மின்சாரம் போனால் அன்றைக்குச் சாக்கடை முழுக்க ஆற்றில்தான்.

இவற்றையெல்லாம் செலவு செய்து சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாத குறை ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரையில் மடக்கினால், அதற்கு மேலே இருக்கும் வடிகால் முழுவதும் சாக்கடையாகவே தொடரும். அதில் க்யூலெக்ஸ் கொசு பெருகும். கசடு படிந்து பாதி உயரம் அடைத்திருந்தால், மழைக்கென்று கட்டிய வடிகாலில் மழைக்கு இருப்பது பாதி இடம்தான். அப்புறம் தூர்வார ஆள் இறங்க வேண்டும். மழைநீர் மட்டும் ஓடிய வடிகாலில் மண்ணும் சருகும் இருக்கும். மூடிய வடிகாலில் மனிதக் கழிவு தேங்கினால் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும், அது ஆளைக் கொல்லும் வாயு. கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்த 2013-ம் ஆண்டுச் சட்டம் இருந்தும் உயிர்கள் போய்க்கொண்டிருந்ததால்தான், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. ஒரு வீட்டின் கள்ளக் குழாய் மழைநீர் வடிகாலையே அப்படிப்பட்ட குழியாக மாற்றுகிறது. மடக்கும் திட்டத்தை நான் முழுத் தீர்வாக ஏற்காததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி, கள்ள இணைப்பைத் தேடிப்பிடித்து சிமென்ட் போட்டு அடைத்து அபராதம் விதிப்பது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவே போதுமானது. பாதாள சாக்கடை ஏற்கெனவே இருக்கும் தெருவில் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். அடைத்தவுடன் கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே திரும்பி ஏறும், ஓரிரு நாளில் முறையான இணைப்புக்கு மனு வந்துவிடும்.

பாதாள சாக்கடை இல்லாத தெருவில் இதே அடைப்பு அநியாயம். அந்தக் குடும்பம் போக்கிடம் இல்லாமல் தவிக்கும், இரவில் வேறொரு துளை போடும், இல்லாவிட்டால் கழிவு தெருவில் ஓடும். நிரம்பிய செப்டிக் டேங்கை அடிக்கடி லாரி வைத்து எடுக்க எல்லோராலும் முடியாது.

அபராதத்திலும் ஒரே அளவுகோல் கூடாது. தினமும் பல லாரி கழிவை வெளியேற்ற வேண்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, எப்போதாவது கட்டும் அபராதம் லாரி வாடகையைவிட மலிவாக இருந்தால் அது அபராதமே இல்லை, கட்டணம். எண்ணெய்ப் பிசுக்கோடு சமையலறைக் கழிவை விடும் உணவகத்துக்கும், ஆயில் கழுவிய தண்ணீரை விடும் மெக்கானிக் ஷெட்டுக்கும் இது பொருந்தும். சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் பெரிய குடியிருப்பு, மின்கட்டணத்துக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டு வடிகாலில் விட்டால், அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஓட்டு வீட்டின் குழாயை அடைத்துப் படம் எடுப்பது எளிது என்பதற்காக அங்கே தொடங்கக் கூடாது.

மூன்றாவது வழி, முதலில் இணைப்பு, பிறகு அடைப்பு. தெருவில் பாதாள சாக்கடை போட்டு, வீட்டு இணைப்பையும் சேர்த்துக் கொடுத்து, அதற்கப்புறம் வடிகாலுக்குப் போகும் குழாயை மூடுவது. மெதுவான வழி, தொடக்கச் செலவும் அதிகம். குழாய் வந்த பிறகும் வைப்புத்தொகை, சாலை வெட்டும் கட்டணம் என்று கணக்குப் பார்த்து இணைப்பு வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. அதனால்தான் இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் ஏற்பாடு முக்கியம். ஆற்றைக் காப்பாற்றும் செலவில் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் 1987 வரை சுத்தப்படுத்தியபோது ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். பன்றிப் பண்ணைகளை நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து அகற்றினார்கள், தெருவோர உணவு வியாபாரிகளைச் சாக்கடை வசதியுள்ள உணவு மையங்களுக்கு மாற்றினார்கள். பிழைப்பவர்களுக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டு ஆற்றைச் சுத்தம் செய்ததால் அது நிலைத்தது.

மூன்றாவதே என் தேர்வு. இதிலும் கள்ள இணைப்பைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பதால், கண்டுபிடிக்கும் முறைகளையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பது துல்லியமானது. ஆனால் கசடு நிறைந்த வடிகாலில் கேமரா நகராது, முதலில் தூர்வார வேண்டும். புகை விட்டுப் பார்க்கும் முறை மூடிய குழாய்களுக்குச் சரி. நம் பெட்டி வடிகால்களில் மூடிப் பலகை இடுக்குகள் வழியாகவே பெரும்பாலான புகை வெளியேறிவிடும். சாயம் விடுவது மலிவு, சந்தேகத்துக்கும் இடமில்லை. வீட்டுக் கழிப்பறையில் பச்சை ஃப்ளோரசின் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட்டால், வடிகாலில் பச்சை வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் வீடு வீடாகச் செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கதவு திறக்க வேண்டும்.

அமெரிக்க நகரங்களில் முதலில் செய்வது இவை எதையும் விட எளிமையானது. மழை விட்டு 2 நாளாவது ஆன பிறகு, வடிகால்கள் ஆற்றில் விழும் இடங்களை நடந்து பார்க்கிறார்கள். தண்ணீர் வந்தால் மாதிரி எடுத்து அம்மோனியாவும் சோப்புச் சத்தும் பார்க்கிறார்கள். இரண்டும் இருந்தால் சாக்கடை, சோப்பு மட்டும் என்றால் துவைத்த தண்ணீர், இரண்டும் இல்லாமல் குளோரின் இருந்தால் குடிநீர்க் குழாய்க் கசிவு, எதுவுமே இல்லையென்றால் நிலத்தடி ஊற்றாக இருக்கலாம். பிறகு மேன்ஹோல் மேன்ஹோலாக மேலேறி, எந்தத் தெருவில் ஓட்டம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் தெருவில் மட்டும் சாயம் விட்டால் போதும். இரவில் மட்டும் திறந்துவிடுபவர்களைப் பிடிக்க, மேன்ஹோலில் மணல்மூட்டை வைத்து ஒரு நாள் கழித்து என்ன தேங்கியிருக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. பாஸ்டன் நகரின் சார்லஸ் ஆறு, தண்ணீரின் சுத்தத்துக்கான மதிப்பீட்டில் 1995-ல் ‘டி’ என்ற மோசமான தரம் வாங்கிய ஆறு. அது தேறியதில் இப்படித் தேடி எடுத்த வீட்டு இணைப்புகளுக்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் பிப்ரவரி முதல் மே வரை இதற்கென்றே அமைந்த காலம். நிலத்தடி நீரும் இறங்கியிருக்கும், ஓடுவது எது என்பதில் குழப்பம் குறையும். தூர்வாரும் ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே மாநகராட்சிப் பொறியாளரும் குடிநீர் வாரியப் பொறியாளரும் சேர்ந்து நடக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் ஒருவர் அடைப்பார், இணைப்பு கொடுக்க வேண்டியவருக்குத் தகவலே போகாது. பாதாள சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது அவசரத்துக்கு மேன்ஹோல் தண்ணீரை வடிகாலில் இறைத்துவிடும் பழக்கம் எங்கேயாவது இருந்தால், அதுவும் இந்த நடையில் அகப்படும்.

கழிவுநீர் லாரிகளுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. இரவில் வந்து கொட்டிவிட்டுப் போகும் லாரிக்குத் தேடல் தேவையில்லை, உரிமமும் வண்டியில் ஜிபிஎஸ் கருவியும், சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்கான ரசீதுமே போதும். கண்ணில் பட்டால் வண்டி எண்ணோடு மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குச் சொல்லுங்கள். தெருவில் பாதாள சாக்கடை வரும்வரை மடக்குத் தடுப்புகள் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடுப்புக்கும் அதை எப்போது நிறுத்தப்போகிறோம் என்ற தேதியை, அந்த வடிகாலில் இன்னும் இணைப்பு கிடைக்காத வீடுகளின் எண்ணிக்கையோடு சேர்த்து, வார்டு அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.