கிருஷ்ணகிரியில் பிக்கப் வண்டிக்குப் பாட்டு செட் மாற்றிய அனுபவம்

"நல்ல செட் மாட்டணும்னா பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குத்தான் போகணும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் காவேரிப்பட்டணத்தில் இருந்து அது நூறு கிலோமீட்டர் சொச்சம். ஏப்ரல் வெயிலில், ஓசூர் நெரிசலைத் தாண்டி, ஒரு பாட்டுப் பெட்டிக்காக அவ்வளவு தூரமா என்று எனக்கு மனசு வரவில்லை. வேலை கிருஷ்ணகிரியிலேயே முடிந்தது. நான் இருக்கும் டெக்சாஸ் ஆஸ்டினில் பிக்கப் இல்லாத தெருவே கிடையாது, வண்டிக்கு ஆடியோ மாற்றுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. அந்த ஊர்க்காரர்களிடம் காட்டினாலும் குறை சொல்ல முடியாத வேலை இது. விடுமுறைக்கு வந்து சொந்தக்காரர் வண்டிக்கு ஏதாவது செய்து தரலாம் என்று நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி சித்தப்பா மகனுடையது. டபுள் கேபின் பிக்கப். மாங்காய் சீசனில் தோப்பில் இருந்து கூழ் ஃபேக்டரிக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு போகும். மற்ற மாதங்களில் ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி. பாதி ஓட்டம் ராத்திரியில்தான். கம்பெனியில் இருந்து வந்த செட்டில் ரேடியோ, யுஎஸ்பி, பெயருக்கு ஒரு புளூடூத். கண்ணாடியை இறக்கிக்கொண்டு நாற்பத்துநாலாம் நம்பர் ஹைவேயில் போனால் டீசல் என்ஜின் சத்தத்தில் பாட்டு அமுங்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் கரகரக்கும். போன் வந்தால் மண்டிக்காரர் சொல்லும் விலை காதில் விழாமல், ஓரம் கட்டி நிறுத்தி மறுபடி கூப்பிட வேண்டும். தம்பிக்குப் பெரிய தொல்லை அதுதான். சித்தப்பாவுக்குத் தருமபுரி வானொலி தெளிவாகக் கேட்டால் போதும்.

"வரும்போது அங்கிருந்தே ஒரு செட் வாங்கிட்டு வாண்ணா" என்று தம்பி முன்பே கேட்டிருந்தான். வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்த ரேடியோ 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், தசமத்தில் ஒற்றைப்படை எண் வரும் அலைவரிசைகளில் மட்டுமே நிற்கும். தருமபுரியின் 102.5 கிடைத்துவிடும், ஆனால் சென்னை ரெயின்போவின் 101.4 போன்ற இரட்டைப்படை எண்ணில் சரியாக நிற்காது. சில செட்களில் நாட்டை மாற்றும் வசதி உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அங்கே வாங்கியதற்குப் பெரும்பாலும் இங்கே வாரண்டியும் செல்லாது. எல்லாவற்றையும் விட, செட்டைச் சுற்றி வரும் ஃப்ரேமும் பின்னால் செருகும் கப்ளரும் வண்டி மாடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்திய பிக்கப்புக்கு உரியது இந்தியக் கடையில்தான் கிடைக்கும். பெட்டியில் இடத்தைச் சாக்லேட்டுக்கு விட்டுவிடுவது நல்லது.

முதலில் ஏறியது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் விலை சொன்னார்கள். சீட்டுக்குப் பின்னால் 'ஆயிரம் வாட்ஸ்' என்று எழுதிய, அடித்தொனிக்கான வூஃபர் பெட்டி, 'நாலு இன்ட்டு ஐம்பது வாட்ஸ்' செட், சாயங்காலம் எடுத்துக்கலாம். கப்ளர் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், ஒயரை கட் பண்ணி ஜாயின்ட் அடிச்சு டேப் சுத்திடுவோம்" என்றார் வேலை செய்பவர். வண்டி இன்னும் கம்பெனி வாரண்டியில் இருக்கிறது. வெட்டிய ஒயரைக் காட்டி, நாளைக்கு எலெக்ட்ரிகல் கோளாறு எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். வெயிலில் பசை இளகிய டேப்பு டேஷ்போர்டுக்குள் என்ன ஆகும் என்பது தனிக் கவலை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அந்த ஐம்பது வாட்ஸ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை நம்பித்தான் பலரும் காசு விடுகிறார்கள். வண்டி ஓடும்போது பேட்டரி லைனில் 14.4 வோல்ட் இருக்கும் என்று வையுங்கள். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. பெட்டியில் அச்சடிக்கும் ஐம்பது பிறப்பது இப்படித்தான். அது முழுக்க உடைந்துபோன, காது கூசும் சத்தத்தின் கணக்கு. சிதறாத ஒலிக்கு அதில் பாதிதான் உச்சவரம்பு, கிட்டத்தட்ட 26. செட்டுக்குள் இருக்கும் சின்ன ஐசி உண்மையில் தருவது இருபதுக்குப் பக்கத்தில். விலை கூடிய செட்டானாலும் ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் இல்லாவிட்டால் நிலைமை பெரும்பாலும் இதேதான். அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கிடைக்கும் உண்மையான வாட்ஸ்) என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஸ்பீக்கருக்கும் அதே கதைதான்.

தோப்பில் மருந்து அடிக்க வரும் ஒருவர் சொல்லித்தான் சேலம் ரோட்டில் இருக்கும் இரண்டாவது கடை தெரிந்தது. ஒரே ஷட்டர், வெளியே தகரக் கொட்டகை, இரண்டு வண்டிக்குத்தான் நிழல். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், ஆரம்பத்தில் லாரி எலெக்ட்ரீசியனாக இருந்தவர். வந்ததும் விலை பேசவில்லை. சாவியை வாங்கி, எங்களிடம் ஒரு பாட்டைப் போடச் சொல்லி, முன் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் கதவின் வெளித் தகட்டை விரல் முட்டியால் தட்டினார். "தம்பி, காலி டின்னு மாதிரி சத்தம் வருது பாருங்க. ஸ்பீக்கர் அடிக்கிற அடியில பாதி தகடுதான் ஆடுது. மொதல்ல கதவை அடைப்போம். ஆம்ப், வூஃபர் வேணுமான்னு அப்புறமா கேட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

விற்க வந்தவர் ஒருவர், அதிக விலைச் சாமானை இப்போது வாங்காதே என்று சொல்கிறார். அந்த இடத்திலேயே வண்டியை அவரிடம் விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கதவு வேலையைத்தான் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றும்போது கிளிப் உடைவது சகஜம். புது கிளிப் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார், உடைந்ததற்கெல்லாம் மாற்றினார். பழைய கிளிப்பை வைத்தே அமுக்கிவிட்டால் மாசம் போனதும் பேடு கடகடக்க ஆரம்பிக்கும். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்தார். மழைத்தண்ணீர் கேபினுக்குள் வராமல் காப்பது அதுதான். வெளித் தகட்டின் உள்பக்கத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, காய்ந்ததும் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை ஒட்டி ரோலரால் தேய்த்தார். பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியப் பூச்சு. தார் ஷீட் விலை குறைவு, ஆனால் நம்ம ஊர் கோடையில் இளகி நாற்றம் அடிக்கும் என்று அவர் அதை வாங்கி வைப்பதே இல்லை. தகடு முழுவதும் ஒட்டவும் இல்லை. நடுவில் அதிகம் அதிரும் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும், மிச்சம் வீண் செலவு, வீண் எடை. கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குச்சி விட்டுப் பார்த்தார். ஷீட் அதை மூடிவிட்டால் தண்ணீர் தேங்கிக் கதவு துரு ஏறும்.

உள்பக்கத் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. கம்பெனியின் கிரில் வழியாகக் கேட்பது ஸ்பீக்கரின் முன்பக்க ஒலி. கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். அந்தப் பின்பக்க ஒலி ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன்பக்கத்தோடு சேர்ந்தால் அடித்தொனியை அப்படியே தின்றுவிடும். அந்த ஓட்டைகளை ஷீட்டால் மூடினார். தவில், உறுமி, பறை எல்லாம் நெஞ்சில் விழ வேண்டுமானால் இந்த மூடல் வேண்டும். வூஃபர் பெட்டி வாங்கத் துடிப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

முன் கதவுகளுக்கு ஆறரை இன்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர், உச்சத்தொனிக்கான ட்வீட்டர் தனியாகப் பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோணத்தில். பின் கதவுகளில் கிரில்லும் ஒயரும் கம்பெனியே விட்டிருக்கிறது, ஸ்பீக்கர் மட்டும் இல்லை. இது நிறைய வண்டிகளில் உண்டு, கழற்றிப் பாருங்கள், புது ஒயர் இழுக்கும் கூலி மிச்சமாகும். அங்கே ட்வீட்டரும் சேர்ந்தே வரும் சாதாரண கோஆக்ஸியல் ஸ்பீக்கர் போதும் என்றார். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை எம்டிஎஃப் பலகையில் வெட்டாமல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் போட்டார், பலகை ஈரத்தில் ஊதிவிடும் என்பதால். திருகும் முன் கண்ணாடியை முழுதாக இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். சாதாரண 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டு, எல்லாக் கூம்பும் ஒரே பக்கம் நகர்கிறதா என்றும் பார்த்தார். ஒன்று தலைகீழாக இருந்தாலும் வலது, இடது ஒன்றையொன்று அழித்து ஒலி மெலிந்துவிடும்.

செட் இருக்கும் இடம் 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம், அதாவது டபுள் டின். பழைய செட் அதில் பாதி உயரம்தான், கீழே சில்லறை போடும் பொந்து. இரண்டையும் எடுத்துவிட்டு ஸ்கிரீன் செட் வைத்தோம். கப்ளர் சேலத்தில் இருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தது. அது வந்த பிறகும் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட், சிவப்பில் சாவி போட்டால் மட்டும். இரண்டும் இடம் மாறினால் சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் ஸ்டேஷனை மறக்கும். இரண்டையும் நேர் லைனில் கொடுத்துவிட்டால், வண்டி சும்மா நின்றாலே பேட்டரி இறங்கிவிடும். கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. பழைய செட்டைத் துணியில் சுற்றி எங்களிடமே கொடுத்துவிட்டார்.

ஸ்கிரீன் வைத்ததால் ரிவர்ஸ் கேமராவும் போட்டோம். எனக்கு இதில்தான் அதிக நிம்மதி. தோப்பிலும் மண்டியிலும் பின்னால் எடுக்கும்போது பிள்ளைகள், ஆட்கள், ஆடு மாடு எல்லாம் குறுக்கே நிற்கும், லோடு ஏறிவிட்டால் நடுக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பின் டோரில் கேமரா வைக்கக்கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். டோரை இறக்கி விட்டு கிரேட் ஏற்றும்போது அடிபடும், திறந்தபடி ஓட்டினால் தரையைத்தான் காட்டும். நம்பர் பிளேட்டுக்கு மேலே பம்பர் கம்பியில் வைத்தார். முதலில் என்ஜினை முடுக்கினால் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு இரைச்சல் கூடவே ஏறியது. கேமராவின் எர்த்தைப் பெயின்ட் மேலேயே திருகியிருந்தார் உதவிக்கு வந்த பையன். பெயின்டைச் சுரண்டி, தகடு பளபளத்ததும் மறுபடி முறுக்கினார்கள், இரைச்சல் நின்றது. காசு வாங்குவதற்கு முன் அவர்களே வண்டியை முடுக்கிக் கேட்டுப் பார்த்ததால் இது அங்கேயே தெரிந்தது.

கே.ஆர்.பி. அணை வரை ஓட்டிப் பார்த்தோம். தம்பி பழைய பழக்கத்தில் வால்யூமைக் கூட்டினான், பாதி தூரம் போவதற்குள் அவனே குறைத்துவிட்டான். கதவு அடங்கியதில் ரோட்டுச் சத்தமும் குறைந்திருக்கிறது. முன்பைவிடக் குறைந்த வால்யூமில் பாட்டின் வரி புரிகிறது, பின்னால் வரும் லாரியின் ஹாரனும் கேட்கிறது. லோடோடு தொப்பூர் கணவாயில் இறங்குகிறவனுக்கு பிரேக் சத்தமும் என்ஜின் சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். உரக்கக் கேட்கும் செட்டை அவனுக்கு வாங்கித் தர எனக்கு மனம் வந்திருக்காது. ஆம்ப் வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சித்தப்பா பின் சீட்டில் உட்கார்ந்து வானொலியில் செய்தி முழுவதையும் கேட்டார்.

செலவு: செட் 11,500, முன் ஸ்பீக்கர் 4,800, பின் ஸ்பீக்கர் 2,900, நான்கு கதவுக்கும் ஷீட் 5,000, கேமரா 1,200, கப்ளரும் ஃப்ரேமும் 900, கூலி 2,500. ஆக 28,800 ரூபாய். ஆஸ்டினில் கதவு வேலையும் சேர்த்துக் கொடுத்தால் கூலியே இந்தத் தொகையைத் தாண்டும். இந்தக் கூலி குறைவு என்றே எனக்குப் பட்டது, கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தபோது தயக்கத்தோடு வாங்கிக்கொண்டார்.

இதே வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை ஒரு நாள் முழுக்க விட்டுவிடும் ஏற்பாட்டோடு போங்கள். கதவுக்கு மட்டுமே அரை நாளுக்கு மேல் ஆகும், கப்ளர் கையிருப்பில் இல்லையென்றால் மறுநாளும் ஆகலாம். முன்கூட்டியே வண்டி மாடலும் வருடமும் சொல்லி, டேஷ்போர்டை போட்டோ எடுத்து அனுப்பினால் கப்ளரை வரவழைத்து வைத்திருப்பார்கள். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் அவர்களுக்கு லாரி, பிக்கப் வேலையே தலைக்கு மேல் இருக்கும், ஏப்ரலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு செட்டின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்குப் போய் நிற்கப்போவது ஊரில் இருப்பவர்கள்தான்.