"வீட்ல பூனை இருக்குதுங்களா?"

டிசம்பர் விடுமுறைக்கு மெல்போர்னிலிருந்து கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கட்டுத்தரையில் பூனை குட்டி போட்டிருந்தது. என் 8 வயது மகன் பகலெல்லாம் அங்கேதான். மூன்றாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

உள்ளூர் கிளினிக் ஒன்றில் வைடால் டெஸ்ட்டை மட்டும் வைத்து டைபாய்டு என்றார்கள். 7 நாள் ஊசி போட்டும் சாயங்காலமானால் 103 டிகிரி. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று அழுதான். ஈரோட்டில் காலையில் ஸ்கேன் எடுத்தோம், மதியத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இந்த வேகத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் என்று இருந்தது. விளக்கம் கேட்டதற்கு அங்கிருந்தவர் நின்றபடியே, "டிபியா இருக்கும், இல்லைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். பெருந்துறை, அவினாசி தாண்டிக் கோவை போய்ச் சேரும்வரை அந்த 'இல்லைன்னா'தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கோவையில் பார்த்த குழந்தை மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பையனின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் காய்ந்துபோன ஒரு பரு.

"வீட்ல பூனை இருக்குதுங்களா?"

12 நாளில் யாருமே கேட்காத கேள்வி அது.

பூனைக் கீறல் நோயாக இருக்கலாம் என்றார். பார்டோனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா. தெள்ளுப்பூச்சி மூலம் பூனைக்குப் பூனை பரவும், பூச்சியின் எச்சம் நகத்தில் ஒட்டியிருக்க, கீறலில் நமக்குள் வந்துவிடும். குட்டிகளிடம்தான் அதிகம். பெரும்பாலும் கீறிய இடத்தில் பரு வந்து, அப்புறம் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, தானே சரியாகிவிடுமாம். இவனுக்கு நெறியே கட்டவில்லை. அபூர்வமாக இப்படிக் கல்லீரல், மண்ணீரலில் போய் உட்கார்ந்து நீண்ட காய்ச்சலும் வயிற்று வலியும் தருமாம். கண்ணின் விழித்திரையையும் தாக்கலாம் என்பதால் அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினார். நல்லவேளை, அங்கே ஒன்றுமில்லை.

டிபி இல்லை என்று சோதித்து உறுதி செய்தார்கள். பார்டோனெல்லா எதிர்ப்புப் பொருள் பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வெளியூரிலிருந்து வர 5 நாள் ஆனது. பாசிட்டிவ். அசித்ரோமைசினோடு ரிபாம்பிசினும் கொடுத்தார். மருந்துக்கடைப் பையன், "இது டிபி மாத்திரைங்க" என்றதும் அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. டாக்டரே போனில் வந்து, "அம்மா, டிபி இல்லீங்க. இந்தக் கிருமிக்கும் அது கேட்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும், பயந்துக்காதீங்க" என்றார். அந்த 2 நிமிடத்துக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. டிக்கெட்டை 2 வாரம் தள்ளிப் போட்டோம். பூனையை விரட்டிவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு, வேண்டாம், தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டால் போதும், கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார் டாக்டர். கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கிப் போட்டாயிற்று.

மெல்போர்ன் வந்து 3 மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் எதுவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் கோவைக்கும் அனுப்பிவிட்டேன்.