கொப்பியா, அட்டைப்பெட்டியா, ஆன்கியா?

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்புக்குப் போகும் மலையகப் பிள்ளைகளைத் தடுக்கிவிடுவது பெரும்பாலும் சொல்வளம்தான். ஒரு பந்தியில் தெரியாத சொல் நாலைந்து வந்தால் வாசிப்பே நின்றுவிடும். ஹட்டனில் இருந்து படித்த காலத்தில் புதிய சொற்களை மனதில் நிறுத்தக் கொப்பி, அட்டைப்பெட்டி, ஆன்கி என்ற மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு, நான் ஆன்கிக்கு மாறினேன். சொல் அட்டைகளைக் காட்டி மீட்ட வைக்கும் கைப்பேசிச் செயலி அது.

கொப்பியில் எழுதினால் எழுத்துக்கூட்டல் பதியும், செலவும் இல்லை. ஆனால் முதல் பக்கங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். பின்பக்கச் சொற்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

அட்டைப்பெட்டி இதைவிட மேல். ஜெர்மன் மொழி எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை அது. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள், பெட்டிக்குள் பல அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழையாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பும். அட்டை சில நூறைத் தாண்டியதும் எதை எப்போது எடுப்பது என்று கணக்குப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். மழை மாதங்களில் அட்டைகள் நமுத்தும் போகும்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் இந்தப் பராமரிப்புதான். இன்றைக்கு எந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும் என்பதை ஆன்கியே முடிவு செய்யும். அட்டைகள் கைப்பேசிக்குள் வந்துவிட்டால் சிக்னல் இல்லாத தோட்டத்திலும் ஓடும். ஆன்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு.

ஆனால் அதற்கும் பராமரிப்பு உண்டு. செயலி வழக்கமாக நாளுக்கு 20 புதிய அட்டை தரும். ஒவ்வொரு புதிய அட்டையும் அடுத்த நாட்களில் பலமுறை திரும்பி வருவதால், சில வாரங்களில் மீட்டல் மட்டுமே நூற்றைத் தாண்டும். பரீட்சை, திருவிழா என்று ஒரு வாரம் விட்டால் குவியலைப் பார்த்தே மனம் விட்டுப்போகும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் முதல் வேலையாக 20ஐ 5 ஆக்குங்கள். சொல்வள ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லில் இருந்து வரும் சொற்களின் தொகுதிகள், இருக்கின்றன. குடும்பத்துக்கு ஓர் அட்டை, நாளுக்கு ஐந்து என்றால் 114 நாளில் ஒரு சுற்று அறிமுகமாகிவிடும். அது போதும், அவசரம் வேண்டாம்.

பேச்சில் சொல் தடங்கலில்லாமல் வர இது உதவுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்த பயன் வாசிப்பிலும் எழுத்திலும்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்துப் பார்த்ததில்லை. அவர்கள் கையில் கைப்பேசியைவிட அட்டைப்பெட்டி நல்லது என்றே தோன்றுகிறது.

இன்னொன்று, பிறர் செய்த ஆயத்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாதீர்கள். சொல்லை நீங்கள் சந்தித்த வாக்கியத்தோடு நீங்களே அட்டையில் எழுதுங்கள்.