சீதனக் காணி வாங்குபவர்கள் கணவரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள்

கட்டாரில் எட்டு வருடம் உழைத்த காசில், சென்ற வருடம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 2 பரப்புக் காணி வாங்கினேன். விற்றவர் ஐம்பது வயது கடந்த ஓர் அக்கா. கணவர் பல வருடங்களாக ஐரோப்பாவில் இருக்கிறார், எந்தத் தொடர்பும் இல்லை என்று தரகர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை ஒரு குடும்பக் கதையாகக் கேட்டுக்கொண்டேனே தவிர, காணியோடு சேர்த்து நினைக்கவில்லை.

காணி உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், முடித்தவர் யாழ்ப்பாண நகரில் பெயருள்ள ஒரு சட்டத்தரணி; உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் அவரே. முத்திரைத் தீர்வை, எழுத்துக்கூலி எல்லாவற்றையும் குறையில்லாமல் வாங்கிக்கொண்டார். காணிப் பதிவகத்தில் பதிவும் முடிந்தது. இனி யாரும் அசைக்க முடியாது என்று நம்பி அத்திவாரத்துக்கு வெட்டினேன்.

வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில்தான் விடயம் வெளிப்பட்டது. வங்கியின் சட்டத்தரணி பழைய உறுதியை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். அது பெற்றோர் அந்த அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சீதன உறுதி. வடமாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், கணவரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் அசையாச் சொத்தை விற்க முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. என் உறுதியில் கணவரின் கையொப்பம் இல்லை. பதிவு அந்தக் குறையைத் தீர்க்காது. ஆவணம் பதியப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று.

தன் சொந்தச் சீதனத்தை விற்க ஒரு பெண் கணவரைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான். கணவர் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவருடைய சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி பெறும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை முதலில் செய்திருந்தால் அக்காவும் தப்பியிருப்பார், நானும் தப்பியிருப்பேன்.

நொத்தாரிசிடம் போய்க் கேட்டேன். "தம்பி, அவர் எங்கே வந்து வழக்குப் போடப் போகிறார்? பயப்படாமல் கட்டுங்கள்" என்றார். சீதனம் என்ற சொல் எழுதியிருந்த உறுதியைக் கையில் வைத்து வாசித்தவர் அவர். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பதற்காகத்தானே கூலி கொடுத்தேன்? இரண்டாம் முறை போனபோது உள்ளே விடவே இல்லை.

அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. காசு முழுவதையும் மகனை வெளியே அனுப்பச் செலவழித்துவிட்டார். என் முன்னால் அழுதார். இப்போது வேறொரு சட்டத்தரணி மூலம் கணவரைத் தேடுகிறோம். நொத்தாரிசுகளைக் கண்காணிப்பவர் பதிவாளர் நாயகம் என்பதால், அங்கே அனுப்ப முறைப்பாடும் எழுதிவிட்டேன்.

முற்பணம் கொடுக்கும் முன்பே தாய் உறுதியின், அதாவது முந்தைய உறுதியின், பிரதியை வாங்கி, காணி விற்பவருக்கு எப்படி வந்தது என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் என்றால் கணவரின் கையொப்பமோ நீதிமன்றக் கட்டளையோ கையில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் "எனக்குச் சம்மதம்" என்று அவர் சொன்னால் அது போதாது.