நான்கு வருட சவுண்ட்பார்: அம்மாவுக்கு வசனம் கேட்கிறது, கரண்ட் போகாத வரை

2021 தீபாவளிக்கு 14,990 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அதே 3.1 சவுண்ட்பாரை (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரை) இப்போது 8,999-க்குப் போட்டிருக்கிறார்கள். "நீதான் நாலு வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. அவனுக்கும் வயதான அப்பா வீட்டில் இருக்கிறார். அதனால்தான் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் முழுசாக எழுதுகிறேன்.

ஈரோட்டில் எங்கள் வீட்டு ஹால் 12-க்கு 14 அடி. சுவரில் 43 இஞ்ச் டிவி. அம்மாவுக்கு 71 வயது. டிவி வால்யூமை 45-இல் வைத்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க கண்ணு, ஒண்ணும் வெளங்கல" என்பார். தெருமுனை வரை கேட்கிற சத்தம் அவருக்கு ஏன் விளங்கவில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. காது டாக்டர்தான் விளக்கினார். வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஓசைகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகளில் சத்தம் இருக்கிறது, அவை கேட்டுவிடும். சொல்லைப் பிரித்துக் காட்டுவது ச, ட, த, ப போன்ற வல்லின ஓசைகள், அவைதான் நழுவுகின்றன. "பசி" என்று சொன்னாலும் "படி" என்று சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான். வால்யூமைக் கூட்டினால் உயிரொலியும் பின்னணி இசையும் சேர்ந்து கூடி, இருக்கிற தெளிவையும் மூழ்கடித்துவிடும். போதாததற்கு, ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கிறது. குரல் ஷோகேஸ் பலகையில் பட்டுச் சிதறித்தான் நம்மிடம் வருகிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த, சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கும் 5.1 ஆம்ப்ளிஃபையர் வாங்கு, இதே காசுக்கு வீடே அதிரும் என்று பலர் சொன்னார்கள். அதிரும், தெரியும். கல்லூரிக் காலத்தில் அப்படி ஒன்றோடு வாழ்ந்தவன்தான். பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் பிஎம்பிஓ (ஒரு கணம் எட்டும் உச்ச அளவு) என்று அச்சடித்திருக்கும், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் உண்மையான அளவு) கணக்கில் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் எனக்கு வேண்டியது அதிர்வு இல்லை. தரையெல்லாம் வயர் ஓடினால் அம்மா தடுக்கி விழுவார்.

ஆகவே 3.1. இந்த 3 என்ற எண்ணுக்காகத்தான் கூடுதலாக 4,000 ரூபாய் கொடுத்தேன், அதில் இன்றுவரை வருத்தம் இல்லை. 2.1 பாரில் இடம், வலம், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், அவ்வளவுதான். 3.1-இல் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. ஓடிடியில் 5.1 ஒலியோடு வரும் படங்களில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான், அதாவது நடு ஸ்பீக்கருக்கான ஒலித்தடத்தில்தான் இருக்கும். அதை டிவி இரண்டு சேனலாகக் குழைக்கும்போதுதான் வசனமும் வயலினும் கார் சத்தமும் ஒன்றாகிவிடுகின்றன. தனி நடு ஸ்பீக்கர் இருந்தால் அதை மட்டும் கூட்டலாம். டிடிஎச்சில் வரும் சீரியலுக்கு ஸ்டீரியோ ஒலிதான். அதிலும் இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவாக இருப்பதைப் பிரித்து நடுவுக்கு அனுப்புகிறது இந்த பார். ஓடிடி அளவுக்குச் சுத்தமாக வராது, ஆனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மாட்டிய முதல் நாள் சாயங்காலம் சப்வூஃபரைக் குறைத்து, நடு ஸ்பீக்கரை நான்கு புள்ளி ஏற்றி, செய்தி வைத்தேன். வால்யூம் 18. அம்மா அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, செய்தியில் சொன்ன மஞ்சள் விலை சரியில்லை, மார்க்கெட்டில் நேற்றே அதைவிடக் கூடப் போனது என்றார். இரண்டு வருடமாக டிவி பார்த்து இப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. அதுவரை அவர் படத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒலியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் நைட் மோடு போட்டால் வெடிச் சத்தம் அடங்கி, முணுமுணுப்பு மேலே வருகிறது. பாரை ஷோகேஸ் தட்டின் விளிம்பு வரை முன்னால் தள்ளி வையுங்கள், உள்ளே தள்ளினால் குரல் குகைக்குள் இருந்து வரும். கடையில் போய்க் கேட்பவர்கள் சண்டைக் காட்சி போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். பத்தடி தள்ளி நின்று, குறைந்த வால்யூமில் செய்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி என் கோபம்.

கரண்ட் போய் வந்தால் இந்த பார் ப்ளூடூத்தில்தான் கண் விழிக்கும். கடைசியாக எதில் இருந்தோம் என்பது அதற்கு நினைவில் இல்லை. டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் துளி மெமரி போதும். அதைச் செய்யவில்லை. டிவியும் தன் கேபிளின் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்து, தன் சொந்த ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. ரிமோட்டில் இன்புட் மாற்ற ஒரே ஒரு பொத்தான். ப்ளூடூத், யுஎஸ்பி, ஆக்ஸ், ஆப்டிகல், அப்புறம்தான் எச்டிஎம்ஐ. நான்கு முறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். ஐந்தாவது முறை தவறி அமுக்கினால் மறுபடி ப்ளூடூத். பாரில் எழுத்துத் திரை கிடையாது, சின்ன விளக்கு மட்டும்தான். ப்ளூடூத் என்றால் நீலம் மினுக்கும், எச்டிஎம்ஐ என்றால் வெள்ளை.

நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் செய்வார். "கண்ணு, பொட்டி மறுபடியும் நீலமா மினுக்குது." போனிலேயே எண்ணி எண்ணி அமுக்கச் சொல்வேன். ஒருநாள் அவரே நெற்றிக்கு வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்தப் பொத்தான் மேல் ஒட்டிக்கொண்டார். நான்கு வருடத்தில் எத்தனை பொட்டு மாறிவிட்டது.

ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளுக்கு மாறிப் பார்த்தேன். 1983-இல் வந்த தொழில்நுட்பம், நம்பகமானதுதான். ஆனால் அதில் ஒலி மட்டும்தான் போகும், கட்டளை போகாது. டிவி ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யாமல் போய், அம்மா கையில் இரண்டு ரிமோட் ஆயிற்று. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த ஆர்க் வசதி டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிளில் பாருக்கு அனுப்புகிறது, கூடவே சிஇசி என்ற வசதி ரிமோட் கட்டளையைக் கடத்துகிறது, அதன் அருமையே அந்த ஒற்றை ரிமோட்தான். அதை விட மனமில்லாமல் திரும்பி வந்தேன். எப்படியும் ஆப்டிகலில் வைத்தாலும் கரண்ட் போய் வந்தால் நீலம்தான்.

பாதித் தீர்வு இன்வெர்ட்டரில் கிடைத்தது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியை டிவி தாங்கிவிடுகிறது, பார் தாங்குவதில்லை. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பலருக்குத் தெரியாது. அதைப் போட்டால் இன்னும் வேகமாக மாறும். போட்ட பிறகு பார் அணைவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த மோடில் லோ வோல்டேஜைப் பொறுத்துக்கொள்ளாது, உடனே பேட்டரிக்குப் போய்விடும். கோடையில் எங்கள் தெருவில் அதுவே ஒரு நாளைக்குப் பலமுறை. பேட்டரி ஆயுள் அந்த அளவுக்குக் குறைகிறது. சவுண்ட்பாரின் மறதிக்காக நான் பேட்டரிக்குச் செலவு செய்கிறேன்.

கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லி ஒரே பதில். இரண்டாம் வருடம் ஒரு அப்டேட் வந்தது, பென்டிரைவில் ஏற்றினேன். ஏதேதோ சரியானது, இது ஆகவில்லை. போன மாதம் பார் ஆன் ஆகவே மறுத்தது. சர்வீஸ் சென்டரில் பவர் போர்டையே மாற்ற வேண்டும், 5,200 ஆகும் என்றார்கள். எங்கள் தெரு டிவி மெக்கானிக் திறந்து பார்த்து, வீங்கியிருந்த இரண்டு கெப்பாசிட்டரை மாற்றி 450 ரூபாய் வாங்கினார். உதிரி வர 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் அம்மா டிவி பக்கமே போகவில்லை. "சத்தம் மட்டும் வருது கண்ணு, பேச்சு வர மாட்டேங்குது" என்றார். திரும்பி வந்த அன்று, சீரியலில் இடையில் என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தார்.

இந்த வரி வரைக்கும் எழுதி வைத்து, நண்பனுக்கு "வாங்கு" என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

நேற்று எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது, அதற்குள் இன்வெர்ட்டரும் தீர்ந்திருந்தது. எனக்குப் போன் வரவில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஹாலில் டிவி அணைந்திருக்கிறது, ஷோகேஸ் மேல் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரிமோட்டில் பொட்டு உதிர்ந்துவிட்டதாம், எந்தப் பொத்தான் என்று தெரியவில்லையாம். "உனக்கு வேல இருக்கும்னு கூப்புடல" என்றார்.

வாங்காதே. 8,999-க்கும் வேண்டாம். நடு ஸ்பீக்கர் இருக்கும் வேறு எதையாவது பார். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொல்லி, எந்த இன்புட்டில் கண் விழிக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடு.