ஜாவா டைம்: எட்டு வருடம் புழங்கிய பிறகு

கடன் தவணை மென்பொருள் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது, ஜாவா நிரல்மொழியில் தேதியைப் படிக்கவும் எழுதவும் உதவும் பழைய கருவியான சிம்பிள்டேட்ஃபார்மேட். 2018-இல் யாரோ ஒரு தவணைத் தேதியை 31/02/2018 என்று அடித்துவிட்டார்கள். நிரல் முணுமுணுக்கக்கூட இல்லை. மார்ச் 3 என்று எடுத்துக்கொண்டு வட்டியும் போட்டுவிட்டது. வாடிக்கையாளர் ரசீதோடு வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அப்புறம்தான் ஜாவா 8-இலிருந்தே இருக்கும் புதிய தேதி-நேரத் தொகுப்பான ஜாவா டைமுக்கு மாறினோம். இனி தப்பான தேதி வந்தால் எக்செப்ஷன் (நிரல் எழுப்பும் பிழை) வரும் என்று நம்பி அதே தேதியைக் கொடுத்தால், வரவில்லை! அதில் தேதியைப் படிக்கும், எழுதும் பகுதியான டேட்டைம்ஃபார்மேட்டர், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ‘ஸ்மார்ட்’ முறையில் இயங்கும். 31/02-ஐ பிப்ரவரி 28-க்கு இழுத்துவிடும். 32 என்று கொடுத்தால்தான் கத்தும். இல்லாத தேதியை ஏற்காத ‘ஸ்ட்ரிக்ட்’ முறை வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினோம், உடனே ஒழுங்கான தேதிகளும் வரிசையாகப் பிழையில் விழுந்தன. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது: தேதியின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்னில் ஆண்டுக்கு நான்கு சின்ன ஒய் (yyyy) போட்டிருந்தோம். கி.மு.வா கி.பி.யா என்று சொல்லாமல் ஸ்ட்ரிக்ட் அதை ஏற்காது. நான்கு யூ (uuuu) போட்டதும் அடங்கியது. பெரிய ஒய் (YYYY) பக்கம் போகவே போகாதீர்கள். அது வாரக் கணக்கு ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் வருகிறதோ அந்த ஆண்டு. 2019 டிசம்பர் 30-ஐ 2020 டிசம்பர் 30 என்று அச்சடிக்கும், பிழையும் காட்டாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிழைச் செய்தி. எக்செலிலிருந்து ஒட்டிய தேதிக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால், 10-ஆவது இடத்தில் மிச்ச எழுத்து இருக்கிறது என்று சொல்லும். பழையது அதைக் கண்டுகொள்ளாமல் விழுங்கிவிடும்.

தேதியை எழுத்தாக மாற்றி எழுதும் பக்கம்தான் இன்னும் உறுத்தல். தேதி மட்டும் உள்ள, மணி இல்லாத லோக்கல்டேட்டை மணி கேட்கும் பேட்டர்னில் கொடுத்தால், நிரலை ஓடும் முன் சரிபார்க்கும் கம்பைலர் தடுக்காது, ஓடும்போதுதான் வெடிக்கும். எங்கள் ரசீது பேட்டர்ன்கள் செட்டிங்ஸ் கோப்பிலிருந்து வருவதால், சர்வர் எழும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரித் தேதியை எழுதிப் பார்க்கிறோம். தப்பிருந்தால் சர்வர் எழாது. காலை ஆறு மணிக்கு எனக்கு போன் வரும், பரவாயில்லை.

ஜாவா 17-க்கு ஏறியபோது, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘செப்’ என்ற மாதச் சுருக்கம் ‘செப்ட்’ ஆகிவிட்டது. பழைய செப்டம்பர் கோப்புகள் அத்தனையும் எக்செப்ஷனில் விழுந்தன. அன்று திட்டிக்கொண்டேதான் சரிசெய்தேன், ஆனால் ஒரு ரசீதுகூடத் தப்பாகப் போகவில்லை.