ஆயுத பூஜைக்கு எஞ்சினைக் கழுவக் கொடுத்தேன், 7,250 ரூபாய் போயிற்று

திருநெல்வேலிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷுக்கு வண்டியை விடும் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என்னுடையது எட்டு வயதான பெட்ரோல் கார். வேலை காரணமாக வாரம் இரண்டு முறை திருச்செந்தூர் போய் வருகிறேன். தேரிக்காட்டுச் செம்மண்ணைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் தலைப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் சேர்ந்து, புளிக்கரைசல் காய்ந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கப்போகும் வண்டி இப்படியா இருக்க வேண்டும் என்று தோன்றியது. வினை அங்கேதான் தொடங்கியது.

பூஜைக்கு முந்தின நாள் மாலை, திருச்செந்தூரிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் ஓட்டி வந்த கையோடு, புறவழிச்சாலை ஓரத்து வாட்டர் வாஷ் நிலையம் ஒன்றில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். வெளிப்பக்கம் கழுவ 400 ரூபாய், எஞ்சினுக்குத் தனியாக 250. "எஞ்சின் சூடாக இருக்கிறதே, கொஞ்சம் ஆறட்டுமா?" என்று நான் கேட்டது உண்மை. கடைக்காரர் சிரித்தார். "மழையில் ஓடுகிற வண்டிதானே அண்ணாச்சி, தண்ணீர் பட்டால் என்ன ஆகிவிடும்?" என்றார். சரியான பதில்போலத்தான் எனக்கும் பட்டது.

அது சரியான பதில் இல்லை. மழை மேலிருந்து விழுகிறது, பானெட் அதைத் தாங்கிக்கொள்கிறது. வாட்டர் வாஷ் துப்பாக்கியின் தண்ணீர் பக்கவாட்டிலும் கீழிருந்தும் பாய்ந்து ரப்பர் மூடிகளின் இடுக்கில் புகுகிறது. நம் கார் டயரில் இருப்பது ஏறக்குறைய இரண்டு பார் அழுத்தம். இந்தத் துப்பாக்கிகளில் நூறு பார் என்பது சாதாரணம், அதாவது ஐம்பது மடங்கு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விவரம். அன்று நான் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

டீ கிளாஸோடு திரும்பி வந்தபோது, கடைப் பையன் பெயின்ட் அடிக்கும் கருவி போன்ற ஒன்றால் எஞ்சின் முழுக்க டீசல் அடித்துக்கொண்டிருந்தான். எஞ்சின் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருந்தது, அதில் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புகை. டீசல் பெட்ரோலைப்போல் உடனே பற்றிக்கொள்ளாது என்றாலும், ஓடி வந்த எஞ்சின்மேல் அதை அடிப்பது தீயோடு விளையாடுவதுதான். அது பற்றவில்லை என்பதுதான் அன்று எனக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம். ரேடியேட்டருக்குப் போகும் குழாய்களின் ரப்பர் தண்ணீரையும் சூட்டையும் தாங்கும், டீசலைத் தாங்காது. பட்டுக்கொண்டே இருந்தால் ஊறி உப்பிவிடும்.

பிறகு பீய்ச்சினான் தண்ணீரை. ஃபியூஸ் பெட்டி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், பேட்டரி என்ற வேறுபாடெல்லாம் இல்லை, சாணம் கரைத்து வாசல் தெளிப்பதுபோல் எல்லாவற்றுக்கும் ஒரே அடி. ஒன்றின்மேலும் ஒரு பிளாஸ்டிக் பை போட்டு மூடவில்லை. கடைசியாகப் பளபளப்புத் திரவத்தை அடித்துவிட்டு பானெட்டைத் திறந்து காட்டினான். ஷோரூம் வண்டிபோல மின்னியது. நான் அசந்துபோய் அவனுக்கு இருபது ரூபாய் தனியாகக் கொடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வீடு வரும் வழியில் வேகத்தடையில் ஏறும்போது வண்டி லேசாகக் குலுங்கியது. கிளட்சைச் சரியாக விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஆட்டோ ரிக்‌ஷாபோல் அதிர்ந்தது. 'செக் எஞ்சின்' விளக்கு எரியவில்லை, விட்டு விட்டு மின்னியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் வண்டியை ஓட்டக் கூடாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதற்குள் வண்டி ஒரு முறை முன்னால் துள்ளி, எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டு அணைந்துபோனது. பூஜை முடிந்தது என்று அம்மா உள்ளே போய்விட்டார்.

கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நேற்று நன்றாகத்தானே ஓட்டிக்கொண்டு போனீர்கள்? பழைய வண்டி அண்ணாச்சி, எதற்கும் நம் ஆளை அனுப்புகிறேன்" என்றார். அனுப்பப்பட்ட "நம் ஆள்" பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார். எந்தக் கருவியையும் மாட்டவில்லை, ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. "ஈசியூ போய்விட்டது. புதிது 22,000. பழையது பார்த்துப் போட்டால் 9,000. முன்பணம் 3,000 கொடுத்தால் இன்றைக்கே சொல்லிவைக்கிறேன்" என்றார். ஈசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. பண்டிகை நாள், மனம் கலங்கிய நேரம். செல்பேசியிலேயே அனுப்பிவிட்டேன். இன்றுவரை அந்த மூவாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. எஞ்சினைக் கெடுத்ததைக்கூட அறியாமை என்று விட்டுவிடுவேன், இதை விட முடியாது. கழுவிக் கெடுத்தவரே மருத்துவரையும் அனுப்பிவைத்தால், அந்த மருத்துவரிடம் வண்டியைத் தொடவும் விடாதீர்கள்.

என் மைத்துனர்தான் மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் பாயை அழைத்து வந்தார். அவர் முதலில் செய்தது, ஸ்கேனரை மாட்டியது. 'பி0303' என்று காட்டியது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். ஈசியூ நன்றாகத்தான் இருந்தது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களில் மூன்றாவதைக் கழற்றி இழுத்தார். அதன் ரப்பர் உறை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் காப்பி டபரா அடியில் மிச்சம் நிற்பதுபோல், பால் கலந்த நிறத்தில் தண்ணீர். மேலே காயில் அடைத்துக்கொண்டிருப்பதால், உள்ளே போன தண்ணீர் தானாகக் காய வழியே இல்லை. சிரிஞ்சால் இரண்டு முறை உறிஞ்சி எடுத்தார், பிறகு கம்ப்ரஸர் காற்று. காயில் உறையின் உள்பக்கம் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடியிருந்தது. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் தண்ணீர் வழியே தாவிய தடம் அது.

காயில் 1,900, பிளக்குகள் 800, கூலி 600. போதாததற்குப் பளபளப்புத் திரவம் பெல்ட்டில் பட்டு வழுக்கி, கீச் கீச்சென்று கத்தியதில் பெல்ட் 700. இந்த 4,000 போக அந்த முன்பணம் 3,000, எஞ்சின் கழுவிய கூலி 250.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் வாட்டர் வாஷுக்கு ரொக்கமாகக் கொடுத்தேன், பில் வாங்கவில்லை. என்னிடம் சான்று இருப்பது முன்பணத்துக்கு மட்டும். 250 ரூபாய் வேலைக்கும் பில் கேளுங்கள்.

எஞ்சினைக் கழுவவே கூடாதா என்று பாயிடம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறன்று என் வீட்டு வாசலிலேயே செய்து காட்டினார். நிழலில், கையை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு எஞ்சின் ஆறிய பிறகு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காயில்கள், காற்று உள்ளே போகும் வாய் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டினார். தண்ணீர் தொடுவதற்கு முன் காய்ந்த தூரிகையால் செம்மண்ணைத் தட்டிவிட்டார். தண்ணீரில் கரையும் டீகிரீசரைப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் அடித்து, காயவிடாமல் பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். அலசியது செடிக்கு ஊற்றும் குழாயால், விரலால் அடைத்துப் பீய்ச்சாமல். காஸ்டிக் கலந்த சோப்பு நீரைப் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாதாம், அலுமினியத்தை அரித்துவிடும். பைகளைக் கழற்றி, காற்றடித்து, துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் பானெட்டைத் திறந்து வைத்த பிறகுதான் பேட்டரியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். மொத்தத்தில் இரண்டு பக்கெட் தண்ணீர்கூடச் செலவாகவில்லை.

துடைத்த பிறகு எஞ்சின் தலைமூடியின் ஓரத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு நேராக, மெல்லிய எண்ணெய்க் கசிவு ஒன்று புதிதாக ஊறி வந்தது. செம்மண்ணைப் பிடித்து ஒட்டவைத்ததும், குழித் தண்ணீரைப் பால் நிறமாக்கியதும் அந்தக் கசிவுதான். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் 450 ரூபாய்.